துணையை இழந்தோர் பாடிய புறப்பாட்டு

காதலை அகம் என்றும், போரும் கொடையும் புகழுமாகிய உலகியலைப் புறம் என்றும் பகுத்த பழந்தமிழ்ச் சான்றோர், மரணத்தால் முறிந்த காதலையோ புறத்தின்பாற் சேர்த்தனர். அகப்பாட்டிலே தலைவன் பிரிவான், தலைவி ஏங்குவாள். ஆயினும் அப்பிரிவுக்கு மீட்சி உண்டு. மீட்சியற்ற பிரிவு நேர்ந்த கணத்திலோ, பெயர் சுட்டாத அந்தரங்க வாழ்வு ஊரறிந்த துக்கமாகிவிடுகிறது. ஆதலால்தான் தொல்காப்பியர், உலகத்தின் நிலையாமையைக் கூறும் காஞ்சித்திணையில், காதலியை இழந்தவனுக்குத் தபுதார நிலை, காதலனை இழந்து நோன்பிருப்பவளுக்குத் தாபத நிலை, காட்டிடையே கணவனைப் பறிகொடுத்தவளுக்கு முதுபாலை எனத் தனித்தனித் துறைகள் வகுத்தார்.

இந்தச் சம்பிரதாயத்தின் உயிர்ப்பைப் புறநானூற்றின் 245 முதல் 256 வரையிலான பாடல்களிற் பெரும்பாலும் காணலாம். முதலிலே நிற்பவன், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் சேர மன்னன். சுடுகாட்டிலே தன் மனைவியைச் சிதையில் கிடத்திய பின்னரும் தன் உயிர் போகவில்லையே என்று அவன் திகைக்கிறான். உயிரைப் போக்கும் வன்மை இல்லாத துயரம் எவ்வளவு பெரிதாயினும் பெரிதாகுமோ என்று தன் சோகத்தையே குற்றவாளியாக நிறுத்தி வினவுகிறான். அரசன் என்ற பெருமிதத்தின் சாயல்கூட அப்பாட்டில் இல்லை.

அவனை அடுத்து வருபவள் பூதப்பாண்டியன் தேவியாகிய பெருங்கோப்பெண்டு. பகைவரை வெல்லேனாயின் இவளைப் பிரிவேனாகுக என்று, தனக்கு நேரக்கூடிய கொடிய இழப்புகளுள் ஒன்றாக அவளுடைய பிரிவையும் எண்ணி வஞ்சினம் கூறியவன் அவள் கணவன். அப்பாடலும் 71-ஆம் பாட்டாக இதே தொகையில் உள்ளது. அவன் இறந்தபின் தீப்பாயத் துணிந்த அவளைச் சான்றோர் தடுக்கின்றனர். வேளைக்கீரையும் எள் துவையலும் நீர் பிழிந்த சோறும் உண்டு, பாயின்றிப் பரற்கற்களின்மேல் படுக்கும் கைம்மை வாழ்வைத் தான் ஏலாதவள் என்றும், தனக்கு ஈமத்தீயும் தாமரைக்குளமும் ஒன்றே என்றும் அவள் மறுமொழி சொல்லுகிறாள்.

அவள் மறுத்த வாழ்வை ஏற்றுக்கொண்ட பெண்களைப் பற்றியவை அடுத்த சில பாடல்கள். இளமையிலே தழையாடையாகி அழகு செய்த ஆம்பல், கணவன் மாய்ந்தபின் வேளை தவறி உண்ணும் அல்லியரிசியாகிவிட்டதை ஒக்கூர் மாசாத்தனார் காட்டுகிறார். இறந்தவனுக்குப் படைப்பதற்காகச் சுளகளவு இடத்தைச் சாணத்தால் மெழுகும் ஒருத்திக்கு, அவள் கண்ணீரே மெழுகு நீராவதை மற்றொரு பாட்டு காட்டுகிறது.

ஈற்றில் உள்ள 256-ஆம் பாடலைப் பாடியவர் பெயர் மறைந்துபோயிற்று. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறுபல்லி போலக் கணவனோடு பல சுரங்களைக் கடந்து வந்த ஒரு பெண், அவனை அடக்கம் செய்யும் தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனைந்து தரும்படி குயவனை வேண்டுகிறாள். இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தமைக்கு ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட முதுமக்கள் தாழிகள் பிரத்தியட்சச் சான்றாகும்.

இப்பாடல்கள் எவையும் ஆறுதல் மொழி கூறி முடிவதில்லை. துயரத்தைச் சோறு, படுக்கை, தாழி என்று கைப்படும் பொருள்களில் வைத்துச் சொல்லுவதே இவற்றின் நெறி. ஆனால் ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. மனைவியை இழந்த மன்னனுக்கு வாய்த்தது துயரம் மாத்திரமே. கணவனை இழந்தவளுக்கோ துயரத்தோடு நோன்பும் பட்டினியும் தீயும் விதிக்கப்பட்டன. அக்கொடிய வழக்கம் ஒழியத்தக்கதே; அதனைத் தாங்கியவர்களின் குரல் போற்றத்தக்கது. 1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றித் தந்த புறநானூற்றை வீரத்துக்காக மட்டும் ஓதுகின்றவர்கள், இப்பாடல்களையும் ஒருங்கே வைத்துப் படிப்பார்களாக.