பொங்கலும் சூரியன் திரும்பும் நாளும்



தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று வாட்ஸ்அப் வாழ்த்துகள் சொல்கின்றன. நம் சின்னாளப்பட்டியில் விடியலில் சிறுமலைப் பக்கம் பாருங்கள். சூரியன் உதிக்கும் இடம் டிசம்பர் 21, 22லேயே தென்கோடிக்குப் போய்த் திரும்பிவிடும். அப்போது மார்கழி முதல் வாரம்தான்!

முன்னோர் கணக்குத் தப்பா? இல்லை. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில்தான் வந்தன. நம் மாதங்கள், விண்மீன்களுக்கிடையே சூரியன் ராசி மாறுவதை வைத்துப் பிறப்பவை. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தள்ளாடுவதால், அந்த ஆண்டு பருவங்களின் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். எழுபது ஆண்டில் அது ஒரு நாளாகிவிடுகிறது. விவேகானந்தர் பிறந்த மகர சங்கராந்தி 1863 ஜனவரி 12. இப்போது 14 அல்லது 15.

இப்படியே போனால் சுமார் 6,000 ஆண்டுகளில் பொங்கல் ஏப்ரலுக்குப் போகும். புதுநெல்லுக்கு எங்கே போவது? 1952இல் மேக்நாத் சாகா தலைமையில் அமைந்த குழு, பருவத்தோடு ஒட்டிய நாட்காட்டியைப் பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22 முதல் அது அரசு ஆவணங்களில் இருக்கிறது. பொங்கலோ பஞ்சாங்கத்தோடு இருக்கிறது.

பொங்கல் சூரியனுக்கும் மாட்டுக்கும் மண்ணுக்கும் நன்றி சொல்லும் நாள். அந்த நன்றி குறையாது. பேரப்பிள்ளைகளுக்கு வானத்தையும் காட்டிச் சொல்லுங்கள்.