சிறைமுகாமின் கடன்: ‘மேக்னம் பி.ஐ.’ தொடரின் ஓர் அத்தியாயத்தில் போர்த்தோழமை

1. களமும் காலமும்

வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர், 1970களின் அமெரிக்கத் தொலைக்காட்சிக் குற்றத்தொடர்களில் பெரும்பாலும் மனம் பிறழ்ந்த குற்றவாளியாகவே வந்துபோனார். 1980 டிசம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மேக்னம் பி.ஐ.’ அதே வீரரைத் துப்பறிபவராக்கியது. டொனால்ட் பெலிசாரியோவும் கிளென் லார்சனும் உருவாக்கிய தொடர் இது. பெலிசாரியோ மரைன் படையில் பணியாற்றியவர்.

கதை நடக்கும் ஹவாய் வெறும் கடற்கரை அழகுக்காக அமைந்த இடமன்று. 1973இல் வட வியட்நாமும் அதன் கூட்டாளிகளும் விடுவித்த 591 அமெரிக்கக் கைதிகளில் பலர், தாயகம் திரும்பும் வழியில் முதலில் கால்வைத்த அமெரிக்க மண் அதுதான். தனியார் துப்பறிவாளர் தாமஸ் மேக்னம் (டாம் செல்லக்), ஹெலிகாப்டர் விமானி டி.சி. (ரோஜர் மோஸ்லி), மதுவிடுதி நடத்தும் ரிக் (லாரி மானெட்டி) ஆகிய மூவரும் வியட்நாம் போர்த்தோழர்கள். மூவர் விரலிலும் ஒரேமாதிரி மோதிரம் உண்டு.

1982 செப்டம்பர் 30 அன்று, மூன்றாம் பருவத்தின் தொடக்கமாக, ‘டிட் யூ சீ தி சன்ரைஸ்?’ என்ற இரண்டு மணிநேர அத்தியாயம் ஒளிபரப்பானது.

2. கதைக்கட்டு

மேக்னமும் டி.சி.யும் போர்க்கைதிகளாக இருந்த முகாமில் உடனிருந்த நூசோ ஹவாய்க்கு வருகிறார். அங்கே தங்களை வதைத்த சோவியத் அதிகாரி ஐவன் இத்தீவில்தான் இருக்கிறார் என்று எச்சரிக்கிறார். மேக்னத்தின் காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து, கடற்படையில் அவருக்கு நண்பராக இருந்த மேக் இறந்துபோகிறார். டி.சி.யின் மனத்தில் முகாமிலேயே ஒரு கட்டளை விதைக்கப்பட்டிருந்தது. ஜப்பானிய இளவரசர் ஒருவரைக் கொல்ல வேண்டும் என்பதே அது. நூசோ ஐவனின் ஆள் என்பதும் தெரியவருகிறது. கொலை தடுக்கப்படுகிறது, ஐவன் பிடிபடுகிறார். ஆனால் அரசுகளுக்கிடையிலான ஏற்பாட்டில் விடுவிக்கப்படுகிறார்.

3. அறிதலாக விளங்கும் விசுவாசம்

நம் காவிய மரபில் விசுவாசம் என்றதும் கும்பகருணனும் கர்ணனும்தான் நினைவுக்கு வருவார்கள். இருவருடையதும் செஞ்சோற்றுக்கடன், காத்தவனுக்கும் சோறிட்டவனுக்கும் உயிரைக் கொடுத்துத் தீர்ப்பது. இந்த அத்தியாயத்தில் அப்படி ஒரு தலைவன் இல்லை. யாரும் யாருக்கும் சோறிடவில்லை. பட்டினியையும் அடியையும் சேர்ந்து அனுபவித்தவர்கள் ஒருவரையொருவர் உள்ளும் புறமுமாக அறிந்திருக்கிறார்கள். இங்கே விசுவாசம் அன்பு அல்லது நன்றியாக மட்டும் நிற்காமல், ஓர் அறிதலாகவே செயல்படுகிறது என்பது என் கருத்து. டி.சி. தம் வசத்தில் இல்லாதபோது, அந்தச் செயல் அவருடையதல்ல என்று உறுதியாகச் சொல்ல முகாமில் உடனிருந்த ஒருவரால்தான் முடியும்.

நூசோ காட்டிக்கொடுக்கும் விதமும் இதே அறிதலில்தான் வேர்விடுகிறது. அவர் பொய்யான அடையாளத்துடன் வரவில்லை. பழைய தோழர் என்ற உண்மையான உரிமையோடு வருகிறார். அந்த உரிமை மட்டுமே கதவுகளைத் திறந்துவிடுகிறது. வெளியாள் எவராலும் இந்த வீட்டுக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

மூளைச்சலவைக் கதையமைப்பு புதிதல்ல. கொரியப் போரை ஒட்டி ரிச்சர்ட் காண்டன் 1959இல் எழுதிய ‘தி மஞ்சூரியன் கேண்டிடேட்’ நாவலும், 1962இல் வந்த அதன் திரைவடிவமும் அதைப் பரப்பின. கதைக்கட்டில் நம்ப முடியாத பகுதியும் இதுதான். ஆனால் இதை உருவகமாக வாசித்தால் கனம் கூடுகிறது. போருக்குப் பிந்தைய மனவடு அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரப்பூர்வக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றதே 1980இல்தான். அந்த மொழி பொதுமக்களை இன்னும் எட்டாத நாட்களில், ‘அவர் உடல் திரும்பிவிட்டது, மனத்தில் ஒரு பகுதி முகாமிலேயே இருக்கிறது’ என்பதை டி.சி. வழியே கோடிக்கணக்கான வீடுகளுக்குள் இந்த அத்தியாயம் கொண்டுசென்றது. வாஷிங்டனில் வியட்நாம் வீரர்களின் நினைவுச்சுவர் திறக்கப்பட்டது, அத்தியாயம் ஒளிபரப்பான அதே 1982ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று.

4. வட்டத்துக்கு வெளியே

ஒரு பெருங்குறையைச் சொல்லாமல் விட முடியாது. வியட்நாமில் நடந்த வதையைச் சொல்லும் கதையில் வியட்நாமியர் ஓரத்தில் நிற்கிறார்கள். பகைவன் சோவியத்காரர், அந்த மண்ணின் போர் இரு வல்லரசுகளின் தனிக்கணக்காகச் சுருங்கிவிட்டது. தோழமையின் வட்டம் எத்தனை இறுக்கமானதோ, அத்தனை குறுகலானது. அந்தப் போரில் தம் வீட்டையும் ஊரையும் இழந்தவர்களுக்கு அதனுள் இடமில்லை.

5. இறுதிக் கொலை

விடுதலையான ஐவன், ஆயுதமின்றி மேக்னத்தின் முன் நிற்கிறார். நிராயுதபாணியைச் சுடும் ஆள் மேக்னம் அல்லர் என்று உறுதியாகச் சொல்கிறார். சிறையாளருக்கும் கைதியைப் பற்றி ஓர் அறிதல் உண்டு. மேக்னத்தின் நேர்மையை அவர் சரியாகவே கணித்திருக்கிறார். அவர் முதுகு திருப்பியதும், அன்றைய சூரிய உதயத்தைப் பார்த்தாரா என்று கேட்கிறார் மேக்னம். ஆமென்று பதில் வருகிறது. மேக்னம் சுடுகிறார், படம் உறைந்து நின்றுவிடுகிறது.

உல்லாசத்துக்காகப் பார்க்கப்பட்ட ஒரு தொடரின் நாயகன் செய்வது இது. தற்காப்பு என்ற சாக்கு இல்லை, கைகலப்பு இல்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் தோழமை நீதி வழங்கியது என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. என்னால் அவர்களோடு சேர முடியவில்லை. மேக் இறந்ததற்கும் டி.சி.யின் மனம் சிதைந்ததற்கும் ஈடாக மேக்னம் கொடுத்தது ஐவனின் உயிரை மட்டுமல்ல. எந்த நேர்மையைத் தோழர்கள் நம்பினார்களோ, பகைவரே நம்பினாரோ, அதையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்.