ஜோசையா பார்ட்லெட்

ஜோசையா பார்ட்லெட் (நவம்பர் 21, 1729 – மே 19, 1795) ஓர் அமெரிக்க மருத்துவரும் அரசியல்வாதியும் ஆவார். அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்ட 56 பேரில் இவரும் ஒருவர்.

இவருடைய முன்னோர் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்து மாசசூசெட்சின் நியூபெரியில் குடியேறினர். அதே குடியேற்றத்தைச் சேர்ந்த ஏம்ஸ்பரியில் ஸ்டீபன் பார்ட்லெட், ஹன்னா வெப்ஸ்டர் இணையருக்கு இவர் பிறந்தார். கல்லூரிக்குச் செல்லாமல், மருத்துவர் ஒருவரிடம் பயிற்சி பெற்று, 1750-இல் நியூ ஹாம்ப்சயரின் கிங்ஸ்டனில் தொழிலைத் தொடங்கினார். தொண்டை அடைப்பான் நோய்க்குச் சின்கோனா மரப்பட்டையைப் பயன்படுத்திச் சிகிச்சை அளித்தார். 1754-இல் தம் உறவினரான மேரி பார்ட்லெட்டை மணந்தார்.

1765-இல் குடியேற்றச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இவர், பிரித்தானிய அரசின் கொள்கைகளை எதிர்த்தார். 1774-இல் இவரது வீடு தீக்கிரையானது. அரச ஆதரவாளர்களே தீ வைத்தனர் எனக் கருதப்பட்டது. அதனால் முதலாம் கண்டப் பேரவைக்குச் செல்ல இயலவில்லை. அதே இடத்தில் மீண்டும் வீடு கட்டினார். மறு ஆண்டில் ஆளுநர் ஜான் வென்ட்வொர்த் இவரது பதவிகளைப் பறித்தார். ஆயினும் இவர் பின்வாங்காமல் இரண்டாம் கண்டப் பேரவையில் இடம்பெற்றார். 1776-இல் அங்கு நியூ ஹாம்ப்சயரின் பெயரே முதலில் அழைக்கப்பட்டதால், சாற்றுரைக்கு ஆதரவாக முதல் வாக்கை அளித்தவர் இவரே.

சட்டம் படிக்காத இவர் 1788-இல் நியூ ஹாம்ப்சயரின் தலைமை நீதிபதியானார். 1790-இல் மாநிலத் தலைவராகத் தேர்வு பெற்றார். 1792-இல் அப்பதவியின் பெயர் ஆளுநர் என மாறியது. அரசியலில் உயர்ந்தபோதும் மருத்துவத்தை மறக்கவில்லை. 1791-இல் நியூ ஹாம்ப்சயர் மருத்துவச் சங்கத்தை நிறுவி, அதன் முதல் தலைவரானார். இவருடைய மகன்கள் மூவரும் மருத்துவர்களாயினர்.