ஓட்டுநர் உரிமத்தில் ஏன் இத்தனை பிரிவுகள்?

வாகனமோட்டும் உரிமத்தைக் கையில் எடுத்தால் நம்மில் பலர் காலாவதித் தேதியை மட்டும்தான் பார்க்கிறோம். அதில் உள்ள 'பி2', 'டி', 'இ' என்ற எழுத்துகளைக் கவனிப்பதில்லை. அந்த எழுத்துகள் எப்படி வந்தன? வரலாறு தெரிந்தால் அவற்றின் மதிப்பும் புரியும்.

1888-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ், தாம் உருவாக்கிய மோட்டார் வண்டியை ஓட்ட பாடன் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றார். அது திறமைக்குக் கிடைத்த சான்றிதழ் அல்ல. தெருவில் வண்டியை விட ஒரு சம்மதம், அவ்வளவுதான். 1893-இல் பாரிஸ் நகரம்தான் ஓட்டுபவரின் திறனைப் பார்த்துச் சான்றிதழ் தரும் முறையைக் கொண்டுவந்தது.

பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து உரிமம் கட்டாயமானது. ஆனால் தேர்வு கிடையாது. ஐந்து ஷில்லிங் கட்டியவர் ஓட்டுநர் ஆனார். காருக்கு 17 வயது, மோட்டார் சைக்கிளுக்கு 14 வயது போதும்.

இதன் விளைவு என்ன? 1934-இல் மட்டும் பிரிட்டிஷ் சாலைகளில் 7,300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அங்கே இருந்த வாகனங்களோ ஏறக்குறைய 24 லட்சம்தான். அதன் பிறகே, 1935 ஜூன் முதல் தேதி தொடங்கி, புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1930-ஆம் ஆண்டுச் சட்டம் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாகனங்களின் ஓட்டுநர்களுக்குத் தனி உரிமம் வேண்டும் என்று விதித்திருந்தது. பிறர் உயிரைச் சுமப்பவனுக்குக் கூடுதல் தகுதி வேண்டும் என்பதே அதன் பொருள். இன்று நாம் சொல்லும் 'பிஎஸ்வி' என்ற பெயரும் அந்தச் சட்டத்தில் இருந்ததுதான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த மலாயாவும் அந்த வழியையே பின்பற்றியது. சுதந்திரத்திற்குப் பிறகு 1958-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதற்குப் பதிலாக 1987-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன.

இன்றைய பிரிவுகளைப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளில் 'பி2' என்றால் 250 சிசி வரை, 'பி1' என்றால் 500 சிசி வரை, 'பி' என்றால் அதற்கும் மேல். 'டி' என்பது சுமையில்லாத எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத கார்களுக்கு உரியது. தானியங்கி கியர் கார் மட்டும் ஓட்டுவோருக்கு 'டிஏ' உண்டு. கனரக வாகனங்களுக்கு 'இ2' 5,000 கிலோ வரை, 'இ1' 7,500 கிலோ வரை, 'இ' அதற்கும் மேல். சரக்கு லாரி ஓட்டுவோருக்கு 'ஜிடிஎல்', பேருந்து, டாக்சி ஓட்டுவோருக்கு 'பிஎஸ்வி' என்ற தொழில் உரிமமும் தேவை. 2019 முதல் இ-ஹெய்லிங் ஓட்டுநர்களும் 'பிஎஸ்வி' பெற வேண்டும்.

இந்த எழுத்துகள் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி 'பி' என்றால் கார், 'டி' என்றால் பேருந்து. நம் நாட்டிலோ 'பி' மோட்டார் சைக்கிள், 'டி' கார். வெளிநாடு செல்வோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். "கார் லைசென்ஸ்தான் இருக்கிறதே, இந்த லாரியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போ" என்று முதலாளி சொன்னால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஏறி உட்கார்ந்து விடுகிறார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, அந்த வகைக்குரிய உரிமம் இல்லாமல் ஓட்டுவது குற்றம் என்கிறது. அப்படிப்பட்டவரை வேலைக்கு அமர்த்துவதும், ஓட்ட அனுமதிப்பதும் குற்றம் என்று அதே பிரிவு சொல்கிறது. விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும்; கடன் சுமை குடும்பத்தின் தலையில் விழும்.

லாரியும் பேருந்தும் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். ஆகவே, பெற்றோரே, பிள்ளை எந்த வாகனத்தை ஓட்டப் போகிறானோ அதற்குரிய உரிமத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். இளைஞர்களே, 'டி'யோடு நின்றுவிடாமல் 'இ', 'ஜிடிஎல்' என்று படிப்படியாக முன்னேறுங்கள். அது சட்டத்திற்கான பாதுகாப்பு மட்டுமல்ல; சம்பளம் கேட்கும்போது கையில் இருக்கும் தகுதியும் அதுதான்.