கிளார்க்ஸ் டேபிளும் மாதவனின் அட்டவணையும்

2019 ஜூனில் என் மகள் நியூயார்க் மாநிலத்தின் ரீஜெண்ட்ஸ் வேதியியல் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு மெல்லிய புத்தகம். எந்த உப்பு தண்ணீரில் கரையும், எந்த உலோகம் முந்திக்கொண்டு வினைபுரியும், தனிமங்களின் உருகுநிலை என்ன, எல்லாம் அதில் அச்சாகியிருந்தது. பரீட்சை ஹாலிலும் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்களாம். கூடவே கால்குலேட்டரும்.

"அப்புறம் நீ எதைத்தான்மா படிக்கிறே?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை.

நான் திருவனந்தபுரத்தில் ப்ரீடிகிரி படித்தது 1988ல். எங்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை லாக் புத்தகம். எங்கள் ஊரில் அதற்கு கிளார்க்ஸ் டேபிள் என்றுதான் பெயர். ஹாலில் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரத்தில் பென்சில் கிறுக்கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அணு எடை தேவைப்பட்டால் கேள்வியின் கடைசியில் போட்டிருப்பார்கள். மற்றதெல்லாம் மண்டைக்குள். கரமனையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டே கரைதிறன் விதிகளை முணுமுணுத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

லாக் அட்டவணை ஸ்காட்லாந்துக்காரர் நேப்பியர் 1614ல் வெளியிட்டது. பத்தை அடியாகக் கொண்டு அதைக் கைக்கு அடக்கமாக்கியவர் பிரிக்ஸ். ஆனால் எங்கள் பக்கத்து அட்டவணை அதற்கும் மூத்தது. 14ம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவன் 24 கோணங்களுக்கு சைன் மதிப்புகளைக் கணக்கிட்டார். ஏழெட்டு தசம இடம் வரை சரியாக வருகிறது! அதை எண்ணாக எழுதவில்லை. கடபயாதி முறையில் எழுத்துகளாக்கி, செய்யுளாகக் கட்டினார்கள். அந்தச் செய்யுளைத் தாங்கிய நீலகண்டரின் ஆரியபடீய பாஷ்யத்தை 1930 முதல் பகுதி பகுதியாக அச்சில் கொண்டுவந்தது திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசை. நான் பஸ்ஸில் தொங்கிய அதே ஊர்தான். படிக்கிற காலத்தில் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை.

மனப்பாட அட்டவணையின் மறுபக்கமும் உண்டு. ஜான் வாரன் 1825ல் வெளியிட்ட 'கால சங்கலித'வில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, நெஞ்சிலிருந்த அட்டவணைகளை வைத்தே அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஆரம்ப நேரத்தில் நாலு நிமிஷம்தான் பிசகு. (முடிகிற நேரத்தில் முக்கால் மணிக்கும் மேல்!) ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் தத்துவம் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன்.

இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. நாலாம் நாள் மகள் கேட்டாள்: "சில்வர் குளோரைடு கரையாதுன்னு உங்களுக்குப் பாக்காமலே தெரியுது. ஏன் கரையாது அப்பா?" முப்பது வருஷமாக வேதிப்பொருட்களோடு பிழைக்கிறவன் நான். இரண்டு நிமிஷம் திணறினேன்.

பேச்சை மாற்ற கடபயாதிக்குப் போனேன். அவள் சனிக்கிழமை பாட்டு கிளாஸில் முதலில் கற்றது மாயாமாளவகௌளை. "மா என்றால் 5, யா என்றால் 1. திருப்பிப் போடு, 15. பதினைந்தாவது மேளம்." உடனே தீரசங்கராபரணத்தை எடுத்துக்கொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். 29 என்று சரியாகச் சொல்லிவிட்டு, "இந்த டேபிளை ஹாலுக்குள்ள கொண்டுபோனா யாராலயும் கண்டுபிடிக்க முடியாதே!" என்றாள். :-)