தடியத்தேவனின் மனமாற்றம்

தடியத்தேவன் 17ஆம் நூற்றாண்டில் மறவர் நாட்டில் வாழ்ந்த குறுநிலத் தலைவர் ஆவார். கிறித்தவத்தைத் தழுவி, இறைச்சட்டத்தின்படி ஒருதார மணத்தை ஏற்ற இவரது முடிவு, மதுரை மறைப்பணித்தளத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி அருளானந்தர் (யோவான் தெ பிரிட்டோ) கொல்லப்படக் காரணமாயிற்று.

பின்னணி

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, பூணூல், குடுமி முதலியவற்றைச் சமூக வழக்கங்களாகக் கருதி, மதம் மாறியோர் அவற்றைக் கைவிட வேண்டியதில்லை என்றார். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623இல் இதற்கு இசைவளித்தார். ஆனால், ஒருவனுக்கு ஒருத்தி என்பது கடவுளின் சட்டமாகக் கொள்ளப்பட்டதால், பலதார மணத்துக்கு இத்தகைய இசைவு கிடைக்கவில்லை.

நிகழ்வு

நோயுற்றிருந்த தடியத்தேவன், உபதேசியார் ஒருவரின் செபத்தால் நலமடைந்ததாக நம்பித் திருமுழுக்குப் பெற விரும்பினார். ஒருவரைத் தவிர ஏனைய மனைவியரை விலக்க வேண்டும் என்ற நிபந்தனையை அருளானந்தர் விதித்தார். அவரும் அவ்வாறே செய்தார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவர் மன்னரிடம் முறையிட்டார். 1693 சனவரியில் கைது செய்யப்பட்ட அருளானந்தர், பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1947இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

மதிப்பீடு

கிறித்தவ மரபில் இந்நிகழ்வு கீழ்ப்படிதலுக்குச் சான்றாகப் போற்றப்படுகிறது. விலக்கப்பட்ட பெண்ணுக்கோ அது மணவாழ்வின் இழப்பாகவும், அரச குடும்பத்துக்கு அவமதிப்பாகவும் அமைந்தது.