வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே கரிசலில் கிடக்கும் ஏதாவது ஒரு புல எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. புஞ்சை, வானம் பார்த்த பூமி.

வெள்ளைக்காரன் காலத்து ரயத்துவாரி அளவையில் அதற்கு எண்ணும் புலப்படமும் மூலைக்கல்லும் வந்தன. அப்போது திருநெல்வேலி ஜில்லா. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா, 1985க்குப் பிறகு காமராஜர் மாவட்டம், இப்போது விருதுநகர் மாவட்டம். பத்திரத்தின் தலைப்புதான் மாறிக்கொண்டே வந்தது. பக்கத்து ஊர் ஜமீன் கிராமம் என்றால் கதை வேறு. அங்கே 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி பட்டா.

கம்பும் பருத்தியும் விளைந்த நிலத்துக்கு 1920களில் வேறொரு மதிப்பு வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பின்னாலேயே பட்டாசு. பயிரைக் கருக்கும் வெயில் மருந்தைக் காய வைக்க உதவியது. பட்டாசு ஆலைக்கு அறையைவிட வெற்றிடம்தான் அதிகம் வேண்டும்: அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஆலைக்கும் வீட்டுக்கும் இடைவெளி. நம்ம புல எண்ணுக்குப் பக்கத்திலும் ஓர் ஆலை வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து வந்ததுதான் பெரிய கண்டம். 1979 ஜூனில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, 'யூடிஆர்' என்றால்தான் புரியும். 1987 வரை ஊர் ஊராகப் பட்டாவைப் புதுப்பித்தார்கள். அதன் நடுவிலேயே, 1980 நவம்பரில், கிராமக் கணக்கு எழுதிய கர்ணம் பதவி ஒழிந்தது. வரப்பைப் பார்த்தே பங்காளி பெயர் சொல்லக்கூடியவர் வீட்டுக்குப் போய்விட்டார். பரம்பரைப் பதவி போனது நல்லதே. போன நேரம்தான் சரியில்லை. அண்ணன் பங்கு தம்பி பெயரில், பாதைப் புறம்போக்கு பட்டாவில் என்று விழுந்த பிழைகளை இன்றைக்கும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுப் போட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

1989இல் தமிழ்நாடு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை மணமாகாத மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. மத்திய அரசுக்கு அது 2005இல்தான் தோன்றியது. அதற்குப் பிறகு நிலம் வாங்க வருபவர் முதலில் கேட்பது, "கூடப் பொறந்த பொம்பளப் பிள்ளைக கையெழுத்து இருக்கா?"

பிறகு மனை விற்பவர்களின் கொடிகள் வந்தன. புஞ்சையில் சிமெண்டுக் கல் நட்டு, சாமி பெயரோடு 'நகர்' சேர்த்து, ஏக்கரைச் செண்டாக்கி விற்றார்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. இப்போது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். மனை வாங்குகிறவர் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய் கட்டுகிறார்.

அவ்வளவு கட்டியும் சார்பதிவாளர் பதிவது பத்திரத்தைத்தான். உரிமைக்கு அவர் ஜவாப்தாரி அல்ல. ஜெர்மனியில் நிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் நிலமே கைமாறும். அந்தப் பதிவேட்டை நம்பி வாங்கியவரைச் சட்டம் காப்பாற்றும். இங்கே மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வைத்துக்கொண்டு நாமே வக்கீலைத் தேட வேண்டும்.

வக்கீலுக்கும் தெரியாத ஒன்று நம்ம புல எண்ணில் இருக்கிறது. பக்கத்து ஆலையின் பாதுகாப்புத் தூரம். ஆலைக்கு உரிமம் கொடுப்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ். வைத்திருக்கும் மருந்தின் அளவைப் பொறுத்து ஊரில் 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டிஆர்ஓ லைசென்ஸ்' என்பார்கள். தூரத்தைக் காக்க வேண்டியது உரிமம் வாங்கியவர் பொறுப்பு. ஆனால் அந்தத் தூரம் எந்தப் புல எண்ணில் போய் முடிகிறது என்பது உரிமத்தோடு சேர்ந்த வரைபடத்தில்தான் இருக்கும். வில்லங்கச் சான்றில் வராது. அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. சிட்டாவிலும் அடங்கலிலும் தேடிப் பயனில்லை. கிரையம், பட்டா, அங்கீகாரம் எல்லாம் சரியாக இருக்கும். வீடு கட்டிய பிறகு ஜன்னலைத் திறந்தால் மருந்து அறை தெரியும். ஆலை முதலாளிக்கும் அதனால் தொல்லை. தூரம் குறைந்தால் அவருடைய உரிமத்துக்கே கேள்வி வரும்.

இரண்டு பக்கத்துக்கும் வழக்கு வராமல் தடுக்க ஒரு வழி உண்டு. சின்ன ஆலைகளுக்கு உரிமம் தரும் 'டிஆர்ஓ'வும், யூடிஆர் பிழையைத் திருத்தும் மாவட்ட வருவாய் அலுவலரும் ஒருவரேதான். அவர் அலுவலகத்தில் இருக்கும் ஆலை வரைபடங்களைப் புல எண் வாரியாகப் பிரித்து, பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். பெரிய ஆலைகளின் வரைபடங்களை நாக்பூர், சென்னை உரிம அலுவலகங்கள் தரட்டும். அதுவரை இந்த வட்டாரத்தில் மனை வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் வேலை நாளில் ஒரு முறை இடத்துக்குப் போய், கொடிகளைத் தாண்டி நாலு திசையிலும் நடந்து, பக்கத்தில் ஆலை எது, அதற்கு எந்த லைசென்ஸ் என்று கேட்டு வாருங்கள்.